மூட்டுக் கோணங்களை அளவிடும் அடிப்படைக் கணிதம்: குருபரப்பள்ளித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பணிபுரியும் ஒருவரின் தோள், முழங்கை, முழங்கால் ஆகியவை எவ்வளவு மடங்கியுள்ளன என்பதை மேல்நிலைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே கணக்கிடலாம். கணக்கீடு எளியது. எனினும், கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது, படம் எத்திசையிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் இரு செய்திகள் குறிக்கப்படாதபோது கிடைக்கும் எண் பணியாளரின் சுமையைக் குறைத்தே காட்டக்கூடும். கொசைன் சூத்திரம், வெக்டர் பெருக்கம், நிழற்படத் தளப் பிழை ஆகியவற்றை எடுத்துக்காட்டுக் கணக்குகளின் வழி விளக்கி, அளந்த கோணத்திலிருந்து பணிமேடையின் உயரத்தைத் திருத்தும் முறையை இக்கட்டுரை காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மூட்டுக் கோணம், கொசைன் சூத்திரம், வெக்டர், பணிச்சூழலியல், ரூலா, குருபரப்பள்ளி.

முன்னுரை

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44இல் அமைந்துள்ள குருபரப்பள்ளி, இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராலேயே வெளியூராரால் அறியப்படுகிறது. இவ்வட்டாரத்தில் மின்னணுப் பொருத்துதல், வாகன உதிரிபாகம், கிரானைட் மெருகேற்றல், மாம்பருவத்தில் மாங்கூழ் ஆக்குதல் எனப் பணிகள் பலவகைப்படும். பணி எதுவாயினும் உடல் செய்வது ஏறத்தாழ ஒன்றே: நின்றவாறோ அமர்ந்தவாறோ கையை முன்னால் நீட்டி, ஒரே அசைவை ஒரு ஷிப்ட் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்தல்.

கர்நாடக, ஆந்திர எல்லைகள் அண்மையில் இருப்பதால் இங்குத் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. வடமாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர் இந்தியும் ஒடியாவும் பேசுகின்றனர். ‘தோள்பட்டை பிடித்துக்கொண்டது’ என்று ஒருவர் தம் மொழியில் கூறுவது, மேற்பார்வையாளரின் பதிவேட்டை அடைவதற்குள் ‘உடல் நலமில்லை’ என்று சுருங்கிவிடும். வலி மொழிபெயர்ப்பில் தேய்கிறது. 50 பாகை என்னும் எண் எம்மொழியிலும் 50 பாகையே. மூட்டுக் கோணத்தை அளப்பது ஏன் ஒரு தொழிலாளர் நலச் செய்தியாகிறது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

சட்டம் இவ்வகையில் அதிகம் துணைபுரிவதில்லை. நின்று பணிபுரிய வேண்டியவர்களுக்கு அமரும் வசதி செய்யப்பட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44ஆம் பிரிவில் கூறியது. கடை, நிறுவனப் பணியாளர்களுக்கு இருக்கை வசதியை உறுதிசெய்யும் 22-ஏ பிரிவைத் தமிழ்நாடு அரசு 2021இல் இயற்றியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அமர்ந்த பின்னர்க் கை எவ்வளவு உயர்ந்திருக்கலாம், கழுத்து எவ்வளவு குனிந்திருக்கலாம் என்பதைப் பற்றி இப்பிரிவுகள் பேசவில்லை. அவ்விடத்தை நிரப்புபவை பணிச்சூழலியலின் மதிப்பீட்டு முறைகளே.

மதிப்பீட்டு முறையில் கோணத்தின் இடம்

இவற்றுள் மிகுதியும் வழக்கிலுள்ளது ‘ரூலா’. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லின் மெக்அடாம்னி, நைஜல் கார்லெட் ஆகியோர் 1993இல் இதனை வெளியிட்டனர். மேலுடலின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை பாகை விலகியுள்ளது என்பதைப் பார்த்து மதிப்பெண் இடப்படும். அவை அட்டவணைகளின் வழி இணைந்து 1 முதல் 7 வரையிலான ஓர் இறுதி எண்ணாகும். 1, 2 எனில் ஏற்கத்தக்கது. 7 எனில் உடனடி மாற்றம் தேவை.

மேற்கைக்கான எல்லைகள் 20, 45, 90 பாகைகள். கை முன்னோக்கி 20 பாகைக்குள் இருப்பின் 1, 20 முதல் 45 வரை 2, 45 முதல் 90 வரை 3, அதற்கு மேல் 4. முன்கைக்கு முழங்கையின் மடக்கம் 60 முதல் 100 பாகைக்குள் இருப்பின் 1, அதற்குக் கீழோ மேலோ எனில் 2. நடுவுடலுக்கு 20, 60 ஆகியவை எல்லைகள். முழு உடலுக்கும் விரிவாக்கப்பெற்ற ‘ரீபா’ (ஹிக்னெட், மெக்அடாம்னி, 2000) முழங்கால் மடக்கத்திற்கு 30, 60 என்னும் எல்லைகளைச் சேர்க்கிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கோணம் தொடர்ச்சியானது, மதிப்பெண்ணோ படிக்கட்டு. 44 பாகைக்கும் 46 பாகைக்கும் உடலில் வேறுபாடு ஏதுமில்லை, தாளில் ஒரு படி வேறுபாடு உண்டு. கருவி கொண்டு அளக்கும் இயன்முறை மருத்துவரே 5 பாகை வரையிலான மாறுபாட்டை அளவீட்டுப் பிழையாகக் கொள்வது வழக்கம். கண்மதிப்பில் ரூலா தாளை நிரப்புவோரின் பிழை அதனினும் கூடுதலாகவே இருக்கும். ஆகவேதான் கணக்கீடு வேண்டப்படுகிறது.

அளவுநாடாவும் கொசைன் சூத்திரமும்

மூட்டு என்பது கணிதநோக்கில் ஒரு முக்கோணத்தின் உச்சி. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்தால் முழங்கையில் அமையும் கோணம் நமக்குத் தேவையானது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் 11ஆம் வகுப்பில் பயின்ற கொசைன் சூத்திரமே போதும்: கோணத்தை அடைத்து நிற்கும் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்து, அடைக்கும் பக்கங்களின் பெருக்கற்பலனின் இருமடங்கால் வகுத்தால் அக்கோணத்தின் கொசைன் கிடைக்கும்.

விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட எண்கள்: தோள் முதல் முழங்கை வரை 30 செ.மீ., முழங்கை முதல் மணிக்கட்டு வரை 25 செ.மீ., தோள் முதல் மணிக்கட்டு வரை நேர்கோட்டில் 32 செ.மீ. எனில்,

(900 + 625 − 1024) ÷ 1500 = 0.334

இதன் நேர்மாறு கொசைன் 70.5 பாகை. தையற்காரரின் நாடா ஒன்றும் கைப்பேசியிலுள்ள கணிப்பானும் இருந்தால் இவ்விடை கிடைத்துவிடும்.

இவ்விடையை ரூலா தாளில் அப்படியே எழுதுவோர் உளர். 70.5 என்பது 60க்கும் 100க்கும் இடைப்பட்டது. ஆகவே மதிப்பெண் 1 என்று முடிப்பர். ஆனால் முக்கோணம் தருவது எலும்புகளுக்கு இடையிலுள்ள உட்கோணம். மருத்துவமும் பணிச்சூழலியலும் கைக்கொள்வது மடக்கக் கோணம். கை நேராக நீண்டிருக்கும் நிலையே அங்குச் சுழி. ஆகவே 180இலிருந்து கழிக்க வேண்டும். 180 − 70.5 = 109.5 பாகை, மதிப்பெண் 2. சூத்திரத்தில் தவறில்லை, பெருக்கலில் தவறில்லை, மதிப்பெண் மட்டும் தவறு. நடுநிலையைச் சுழியாகக் கொள்ளும் இம்முறையை 1936இல் கேவ், ராபர்ட்ஸ் ஆகியோர் முன்மொழிந்தனர். அமெரிக்க எலும்பியல் கழகம் 1965இல் தன் கையேட்டின் வழி அதனைப் பரப்பியது. அதனை அறியாமல் உட்கோணத்தையும் மடக்கக் கோணத்தையும் ஒரே அட்டவணையில் கலந்து எழுதுவதே இத்துறையில் நுழைவோர் மிகுதியும் இடறும் இடம் என்பது என் கணிப்பு.

நாடாமுறைக்கு வேறொரு வரம்பும் உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 32 செ.மீ. என்பதை 33 எனப் பிழையாக வாசித்தால் விடை 73.1 ஆகும், பிழை மூன்று பாகைக்கும் குறைவு. கை ஏறத்தாழ நேராக உள்ளபோது நிலைமை வேறு. எதிர்ப்பக்கம் 54 செ.மீ. எனில் உட்கோணம் 158 பாகை, 55 செ.மீ. எனில் 180 பாகை. அதே ஒரு சென்டிமீட்டர் இப்போது 22 பாகையை விழுங்கிவிடுகிறது. கொசைன் வளைவு 180 பாகைக்கு அருகில் தட்டையாகிவிடுவதே காரணம்: கொசைனில் மிகச்சிறு மாற்றம், கோணத்தில் பெருமாற்றம். நின்றே பணிபுரிவோரின் முழங்கால் பெரும்பாலும் இப்பகுதியிலேயே இருக்கும் என்பதால் இது வெறும் கணித நுணுக்கம் அன்று.

படப்புள்ளிகளும் வெக்டர்களும்

உடலசைவைப் படமெடுத்துக் கணக்கிடும் முயற்சி புதியதன்று. ஜெர்மனியின் பிரவுனே, ஃபிஷர் ஆகியோர் மனித நடையைப் பற்றி 1895 முதல் 1904 வரை வெளியிட்ட ஆய்வுகளில், உடலில் ஒளிரும் குழாய்களைக் கட்டிப் படமெடுத்து மூட்டுகளின் ஆயத்தொலைவுகளைக் கையாலேயே கணக்கிட்டனர். அவ்வுழைப்பை இன்று திறன்பேசி ஏற்றுக்கொள்கிறது. 2020இல் கூகுள் வெளியிட்ட பிளேஸ்போஸ் என்னும் மாதிரி, ஒரு படத்திலுள்ள மனித உடலில் 33 புள்ளிகளைக் குறித்துத் தருகிறது. அதன் எண்ணிக்கையில் இடத்தோள் 11, இட முழங்கை 13, இட மணிக்கட்டு 15. இடுப்பின் இடப்புறம் 23, முழங்கால் 25, கணுக்கால் 27. எஞ்சிய கணக்கு நம்முடையது.

1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் தோள் (300, 200), முழங்கை (330, 320), மணிக்கட்டு (420, 260) எனக் கொள்வோம். முழங்கையிலிருந்து தோளுக்குச் செல்லும் வெக்டர் (−30, −120). மணிக்கட்டுக்குச் செல்லும் வெக்டர் (90, −60).

புள்ளிப் பெருக்கம்: (−30 × 90) + (−120 × −60) = 4500
குறுக்குப் பெருக்கம்: (−30 × −60) − (−120 × 90) = 12600

புள்ளிப் பெருக்கம் கோணத்தின் கொசைனையும், குறுக்குப் பெருக்கம் சைனையும் தம்முள் கொண்டுள்ளன. இரண்டையும் வகுத்தால் நீளங்கள் அடிபட்டுப்போய் டேன்ஜென்ட் எஞ்சும்: 12600 ÷ 4500 = 2.8. இதற்குரிய கோணம் 70.3 பாகை; மடக்கம் 109.7. வர்க்கமூலம் எதுவும் தேவைப்படவில்லை. நேரான மூட்டுக்கு அருகில் கொசைன் தடுமாறுவதுபோல் இம்முறை தடுமாறுவதில்லை. குறுக்குப் பெருக்கத்தின் குறி, மூட்டு எப்பக்கம் மடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறது. புள்ளிப் பெருக்கம் எதிர்க்குறியாகும்போது கோணம் 90 பாகையைக் கடந்துவிட்டது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். இரு பெருக்கங்களையும் தனித்தனியே பெற்றுக்கொள்ளும் இருமாறி டேன்ஜென்ட் சார்பு கணினிமொழிகளில் இதற்கெனவே உள்ளது.

இத்தகைய மென்பொருள்கள் ஆயத்தொலைவுகளைப் பெரும்பாலும் 0 முதல் 1 வரையிலான பின்னங்களாகத் தருகின்றன: கிடைத்தொலைவு படத்தின் அகலத்தாலும், செங்குத்துத் தொலைவு உயரத்தாலும் வகுக்கப்பட்டிருக்கும். அப்பின்னங்களையே நேரடியாகக் கணக்கிலிட்டால் அகன்ற படம் சதுரமாக நசுங்கிவிடும். மேற்கண்ட அதே கைக்கு அவ்வாறு கணக்கிட்டால் உட்கோணம் 70.3க்குப் பதிலாக 48.2 என வரும். 22 பாகைப் பிழை! பின்னங்களை முறையே 1920ஆலும் 1080ஆலும் பெருக்கிய பின்னரே கோணத்தைத் தேட வேண்டும்.

கேமரா நின்ற இடம்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் மையம். படம் என்பது முப்பரிமாண உடலின் இருபரிமாண நிழல். கை முன்னோக்கி உயரும் தளத்திற்குச் செங்குத்தாக, அதாவது பணியாளரின் நேர்ப்பக்கவாட்டில் கேமரா நின்றால் மட்டுமே நிழலின் கோணமும் உண்மைக் கோணமும் ஒன்றாகும். தொழிற்கூடத்தில் அவ்வாறு நிற்க இடம் கிடைப்பது அரிது. ஒருபுறம் கன்வேயர், மறுபுறம் அடுத்த பணியாளர், பின்னால் அடுக்கிய பெட்டிகள். கேமரா கிடைத்த மூலையில் சாய்ந்தே நிற்கும்.

நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் மேற்கை முன்னோக்கி 50 பாகை உயர்ந்துள்ளது எனக் கொள்க. கையின் செங்குத்துக் கூறு 50 பாகையின் கொசைன். கிடைக்கூறு அதன் சைன். கேமரா பக்கவாட்டிலிருந்து விலகும்போது செங்குத்துக் கூறு மாறுவதில்லை. கிடைக்கூறு மட்டும் விலகற் கோணத்தின் கொசைன் மடங்காகச் சுருங்குகிறது. எனவே தோன்றும் கோணத்தின் டேன்ஜென்ட், உண்மைக் கோணத்தின் டேன்ஜென்டை விலகற் கோணத்தின் கொசைனால் பெருக்கியதற்குச் சமம். 50 பாகையின் டேன்ஜென்ட் 1.192. கேமரா 15 பாகை விலகினால் தோன்றுவது 49.0, 30 பாகை விலகினால் 45.9, 45 பாகை விலகினால் 40.1.

முதலிரண்டும் பொறுக்கத்தக்கவை. மூன்றாவதில் மேற்கை 45 என்னும் எல்லைக்குக் கீழே இறங்கி, மதிப்பெண் 3லிருந்து 2 ஆகிவிட்டது. பணியாளரின் தோள் அப்படியே இருக்கிறது; கேமராவை வைத்தவர் நான்கடி தள்ளி நின்றார், அவ்வளவே.

கொசைனின் மதிப்பு 1ஐ விஞ்சுவதில்லை. ஆதலால் 90 பாகைக்குட்பட்ட கையுயர்வும் முன்குனிவும் சாய்ந்த கேமராவில் குறைந்தே தோன்றும். கூடித் தோன்ற வழியில்லை. தற்செயற் பிழையாயின் பல அளவீடுகளின் சராசரியில் அது கரைந்துவிடும். ஒருபக்கச் சாய்வுடைய பிழை எத்தனை முறை அளந்தாலும் கரையாது. உட்கோணக் குழப்பமும் மேற்கண்ட எடுத்துக்காட்டில் மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், கவனமற்ற அளவீடு யாருக்குச் சாதகமாகச் சாய்கிறது என்பது விளங்கும். எவரும் திட்டமிட்டுச் செய்யாமலேயே இது நேர்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

மென்பொருள் தரும் மூன்றாம் ஆயத்தொலைவைக் கொண்டு இதனைத் தவிர்க்கலாமே என வினவலாம். ஒற்றைக் கேமராவில் ஆழம் அளக்கப்படுவதில்லை, ஊகிக்கப்படுகிறது. கையுறை, மேலங்கி, எந்திரத்தின் மறைப்பு ஆகியவை அவ்வூகத்தை மேலும் தளரச் செய்யும். அதைவிட நம்பத்தக்க வழி, தரையில் பணியாளரின் நிலையிலிருந்து ஒரு கோடும் கேமராவிலிருந்து ஒரு கோடும் இட்டு விலகற் கோணத்தைப் பாகைமானியால் அளந்து, மேற்கண்ட பெருக்கலைத் தலைகீழாகச் செய்வதாகும். தோன்றும் 40.1 பாகையின் டேன்ஜென்ட் 0.842, அதை 45 பாகையின் கொசைனாகிய 0.707ஆல் வகுத்தால் 1.191, மீண்டும் 50 பாகை. கை முன்தளத்திலேயே அசைகிறது, பக்கவாட்டில் விலகவில்லை என்னும் நிபந்தனைக்குட்பட்டே இத்திருத்தம் பொருந்தும்.

எந்தக் கோட்டிலிருந்து என்னும் வினாவும் இங்கு மீண்டும் எழுகிறது. ஒருவர் 30 பாகை முன்குனிந்து, கையை நிலைக்குத்துக் கோட்டிலிருந்து 50 பாகை முன்நீட்டினால், நடுவுடற் கோட்டிலிருந்து அக்கை 80 பாகை விலகியுள்ளது. தோளின் தசைக்கு 80; புவியீர்ப்பு விசைக்கு 50. இரண்டும் உண்மையே. எதை எடுத்தோம் என்பதை எழுதாமல் விடும் ஆய்வேட்டில் இரண்டும் பயனற்றவை.

குந்தியமர்தலும் அட்டவணையும்

அளந்த எண்ணை ஒப்பிடும் ‘இயல்பு’ அளவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. முழங்கால் மடக்கத்திற்கு 135 பாகை என்பது மேற்கண்ட அமெரிக்கக் கையேட்டு வழக்கு. குந்தியமர்ந்து வீட்டுவேலை செய்வோரின் முழங்கால் அதனை எளிதாகக் கடக்கும். இவ்வுண்மையை நம் செயற்கை உறுப்புத் துறை முன்னரே உணர்ந்திருந்தது: 1968இல் பி.கே.சேத்தி, ராம் சந்திர சர்மா ஆகியோர் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் குந்துவதற்கு இடமளித்தது, சென்னை ஐ.ஐ.டி. 2022இல் வெளியிட்ட ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்கும். குருபரப்பள்ளிப் பணியாளரின் முழங்கால் 140 பாகை மடங்குவதைக் கண்டு ‘இயல்பை மீறியது’ என எழுதுவது அட்டவணையின் குறையே ஆகும். எனினும், மடங்க இயலும் என்பதும் எட்டு மணிநேரம் மடக்கி வைத்திருக்கலாம் என்பதும் வெவ்வேறு.

கோணத்திலிருந்து பலகைக்கு

காலத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். ஒரே நிலையில் ஒரு நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நிமிடத்திற்கு நான்கு முறைக்கு மேல் நிகழ்ந்தாலோ ரூலா ஒரு மதிப்பெண் கூட்டுகிறது. நொடிக்கு 30 படங்கள் எனில் நிமிடத்திற்கு 1800. அவற்றுள் எத்தனையில் மேற்கை 45 பாகையைக் கடந்தது என எண்ணினால் போதும். சராசரி இங்கு ஏமாற்றும்: பாதி நேரம் 10 பாகையிலும் பாதி நேரம் 90 பாகையிலும் இருந்த கைக்கும், எப்போதும் 50இலேயே இருந்த கைக்கும் சராசரி ஒன்றே. எல்லையிலிருந்து 5 பாகைக்குள் விழும் அளவுகளுக்கு இரு மதிப்பெண்களையும் காட்டி, கூடுதலானதைக் கொண்டே முடிவெடுப்பது முறை என்பது என் கருத்து.

இறுதியில் அளவீடு ஒரு திருத்தத்திற்கு வழிகாட்ட வேண்டும். அதற்கும் இதே கணிதம் பயன்படுகிறது. மேற்கை நீளம் 30 செ.மீ. உடைய ஒருவர், நிமிர்ந்து நின்று, முன்கையைக் கிடையாக வைத்துப் பணிபுரிகையில் மேற்கை 50 பாகையில் உள்ளது. முழங்கையின் மடக்கம் அப்போது 40 பாகை. மேற்கைக்கு 3, முன்கைக்கு 2. மேற்கையை 15 பாகைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். 20 என்னும் எல்லைக்கு 5 பாகை உள்ளே.

முழங்கை தோளுக்குக் கீழே உள்ள தொலைவு இப்போது 30 × 0.643 = 19.3 செ.மீ.; 15 பாகையில் 30 × 0.966 = 29.0 செ.மீ. வேறுபாடு 9.7 செ.மீ. முழங்கை தோளுக்கு முன்னே உள்ள தொலைவு இப்போது 30 × 0.766 = 23.0 செ.மீ.; 15 பாகையில் 30 × 0.259 = 7.8 செ.மீ. வேறுபாடு 15.2 செ.மீ.

ஆக, பணிமேடையை 9.7 செ.மீ. தாழ்த்தி, உதிரிபாகத் தட்டை 15.2 செ.மீ. அருகில் இழுக்க வேண்டும். மேடை தரையோடு பொருத்தப்பட்டிருப்பின் அதே உயரமுள்ள ஒரு மரப்பலகையைக் காலடியில் இட்டாலும் விளைவு ஒன்றே. மேற்கையும் முன்கையும் இரண்டும் மதிப்பெண் 1க்கு வந்துவிடும். முழங்கையின் மடக்கம் 75 பாகையாகும். தட்டை அருகில் இழுக்காமல் பலகையை மட்டும் இட்டால் பணியாளர் இடுப்பை வளைத்து அதனை எட்டிப் பிடிப்பார். தோளிலிருந்து நீங்கிய பாகைகள் நடுவுடலில் சேரும். அடுத்த ஷிப்டில் அங்கு நிற்பவரின் தோளுயரமும் மேற்கை நீளமும் வேறாக இருக்கும் என்பதால் பலகை ஒன்றாக இராமல், 3 செ.மீ. கனமுள்ள மூன்று நான்கு அடுக்குகளாகச் செய்யப்படுவது நன்று. எவருக்கு எத்தனை அடுக்கு என்பதை அவரவர் தோளிலிருந்து முழங்கை வரை நாடாவால் அளந்து, மேடையருகே எழுதி ஒட்டிவிடலாம்.